எஸ்டோனியா: ஆள் குறைந்த ஒரு நாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலினில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து வரும் எல்லா போனிலும் இரண்டு மூன்று கேள்விகள் கட்டாயம் இருக்கும். சித்தப்பா கேட்டதையே கல்லூரி நண்பன் கேட்பான். அவன் கேட்டதையே முன்பின் தெரியாதவர்களும் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க அலுப்பாக இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாக்கிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

1. எஸ்டோனியா எங்க இருக்கு? ரஷ்யாவுக்குள்ளயா?

இல்லை. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் தனி நாடு. கிழக்கே ரஷ்யா, தெற்கே லாட்வியா, வடக்கே கடலைத் தாண்டினால் பின்லாந்து. 1918 பிப்ரவரி 24 அன்று சுதந்திரம் அறிவித்தார்கள். 1940இல் சோவியத் ஒன்றியம் விழுங்கியது. 1991 ஆகஸ்ட் 20 அன்று மறுபடி வெளியே வந்தார்கள். இங்கே யாரும் 1991இல் "சுதந்திரம் கிடைத்தது" என்று சொல்வதில்லை, "மீட்டோம்" என்பார்கள். இது வெறும் சொல் கௌரவம் இல்லை. யார் குடிமகன், யார் இல்லை என்பதே இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. 6ஆம் கேள்வியில் அது வரும்.

2004இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. பரப்பளவு சுமார் 45,300 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பொட்டு மாதிரி தெரிந்தாலும் நெதர்லாந்தையும் சுவிட்சர்லாந்தையும்விடப் பெரியது. பாதி காடு, மிச்சத்தில் சதுப்பு நிலம் ஏராளம், தீவுகள் 2,000க்கு மேல். மலை கிடையாது. மிக உயரமான இடம் 318 மீட்டர். அதற்கு 'பெரிய முட்டை மலை' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள்.

2. மொத்தமே 13 லட்சம் பேர்தானா? சும்மா சொல்றீங்களா?

சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 30 பேர். அதுவும் பரவலாக இல்லை. மூன்றில் ஒருவர் தலைநகர் தாலினில் இருக்கிறார். தாலினைச் சுற்றியுள்ள ஹர்யு மாவட்டத்தையும் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழ பாதி வந்துவிடும். இரண்டாவது பெரிய நகரமான தார்த்துவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. மூன்றாவது நகரம் நார்வா, 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். ருஹ்னு என்ற தீவில் நூற்றுச் சொச்சம் பேர்தான், ஆனால் அதற்கும் தனி உள்ளாட்சி மன்றம் உண்டு.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைக்கும். இங்கே அரசு செய்யும் விசித்திரமான காரியங்கள் பலவற்றைக் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே காரணம்தான் இருக்கும்: ஆள் பற்றாக்குறை.

3. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு எண் போட்டிருக்கே, எதை நம்புறது?

பெரும்பாலும் எல்லாமே சரிதான், ஆண்டுதான் வேறு. 2011 கணக்கெடுப்பில் 12,94,455. 2021 கணக்கெடுப்பில் 13,31,824. அதற்குப் பிறகு உக்ரைன் போர் வந்தது, அகதிகள் வந்தார்கள், எண் ஏறியது.

எண்ணும் முறையும் நம் ஊர் மாதிரி கிடையாது. 2021 கணக்கெடுப்பு பெரும்பாலும் அரசுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று கோத்து எடுத்தது. வீடு வீடாக எல்லாரையும் கேட்கவில்லை. ஒரு பகுதியினரிடம் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்டார்கள். அதற்குமுன் ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டியிருந்தது. பின்லாந்துக்குப் போய்ப் பத்து வருடம் ஆன ஆள், முகவரியை மாற்றாமல் இங்கேயே இருப்பதாகப் பதிவில் இருப்பார். அதனால் ஒருவர் ஆண்டு முழுவதும் மருத்துவரைப் பார்த்தாரா, சம்பளம் வாங்கினாரா, உரிமம் புதுப்பித்தாரா என்று பதிவேடுகளில் தடம் தேடி, அவர் இங்கே வாழ்கிறாரா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கும். பல்வலி வந்தால்தான் நான் இந்நாட்டில் இருப்பது உறுதியாகும் போல.

4. முன்னாடி 15 லட்சத்துக்கு மேல இருந்தாங்களாமே, மிச்சப் பேர் எங்க போனாங்க?

1989இல் 15,65,662 பேர். 2011க்குள் சுமார் 2,70,000 பேர் குறைந்துவிட்டார்கள். முதல் அலை 1990களின் தொடக்கத்தில். சோவியத் படையினரும் அவர்கள் குடும்பங்களும், தொழிற்சாலை வேலைக்காக வந்திருந்த பலரும் கிழக்கே திரும்பினார்கள். கடைசி ரஷ்யத் துருப்புகள் 1994 ஆகஸ்ட் 31 அன்று கிளம்பின. இரண்டாவது, பிறப்பு விகிதம் பொத்தென்று விழுந்தது. மூன்றாவது, 2004க்குப் பிறகு ஐரோப்பாவில் வேலைக்குப் போகும் கதவு திறந்தது. கொத்தனார், வெல்டர், பேருந்து ஓட்டுநர், நர்ஸ் என்று பலரும் பின்லாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். இன்றும் வெள்ளிக்கிழமை மாலை ஹெல்சிங்கியிலிருந்து வரும் கப்பலில், வாரம் முழுக்க அங்கே உழைத்துவிட்டு வீட்டுக்கு வருபவர்களைப் பார்க்கலாம்.

2015இல்தான் போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். திரும்பி வந்த எஸ்டோனியர்கள் ஒரு பகுதி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஒரு பகுதி, 2022 முதல் உக்ரைனியர்கள். ஆக, இப்போதைய 13.7 லட்சம் என்பது வந்தவர்களால் தாங்கி நிற்கும் எண்.

5. அங்க இருக்கிறவங்க பாதிப் பேர் ரஷ்யர்கள்தானே?

பாதி இல்லை. 2021 கணக்குப்படி எஸ்டோனியர் 69 சதவீதம், ரஷ்யர் 24 சதவீதம். அடுத்த இடம் உக்ரைனியர்களுக்கு. ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இனக் கணக்கைவிடச் சற்று அதிகம், சுமார் 28 சதவீதம்.

ஆனால் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. 1934இல் எஸ்டோனியர் பங்கு 88 சதவீதம். 1989இல் 61.5. நடுவில் நடந்தது என்ன? 1941 ஜூனில் சுமார் 10,000 பேரையும், 1949 மார்ச்சில் 20,000க்கு மேற்பட்டவர்களையும் சோவியத் ஆட்சியாளர்கள் குடும்பம் குடும்பமாக சைபீரியப் பக்கம் நாடுகடத்தினார்கள். போரில் பலர் செத்தார்கள். 1944 இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் பேர் படகேறி சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் ஓடினார்கள். காலியான இடத்தில் புதிய தொழிற்சாலைகளை வைத்து, அதற்கான ஆட்களையும் சோவியத் ஒன்றியத்தின் மற்ற பகுதிகளிலிருந்து கொண்டுவந்தார்கள். இன்னும் இரண்டு தலைமுறை இப்படியே போயிருந்தால் தங்கள் நாட்டிலேயே சிறுபான்மை ஆகியிருப்போம் என்ற பயம் இங்கே வயதானவர்கள் பேச்சில் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

6. 'சாம்பல் பாஸ்போர்ட்'னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கு எஸ்டோனியா கொடுக்கும் பயண ஆவணம். அட்டையின் நிறத்தால் அந்தப் பெயர். 1ஆம் பதிலில் சொன்ன 'மீட்டோம்' இங்கேதான் வேலை செய்கிறது. நாடு புதிதாகப் பிறக்கவில்லை, பழைய குடியரசே தொடர்கிறது என்றால், 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் மட்டுமே தானாகக் குடிமக்கள் ஆவார்கள். சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மொழித் தேர்வு எழுதிக் குடியுரிமை வாங்க வேண்டும் என்று விதித்தார்கள்.

1992இல் நாட்டில் மூன்றில் ஒருவர் இப்படி நாடற்றவர் நிலையில் இருந்தார். இப்போது 5 சதவீதத்துக்கும் கீழே. சிலர் எஸ்டோனியக் குடியுரிமை எடுத்தார்கள், சிலர் ரஷ்யக் குடியுரிமை எடுத்தார்கள், பலர் வயதாகி இறந்துபோனார்கள். 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி, ரஷ்யக் குடிமக்களுக்கு இருந்த உள்ளாட்சி வாக்குரிமையை எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே அறுபது வயதான பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தத் தர்க்கத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

7. என்ன மொழி பேசுவாங்க? ரஷ்ய மொழி மாதிரியா இருக்கும்?

கிட்டவே வராது. எஸ்டோனிய மொழி பின்னிஷ் மொழியின் உறவு, ஹங்கேரியனுக்குத் தூரத்துச் சொந்தம். பக்கத்து லாட்விய, லித்துவேனிய மொழிகளோடுகூடச் சம்பந்தம் இல்லை. 14 வேற்றுமைகள் என்றதும் ஐரோப்பியர்கள் மிரளுவார்கள். நமக்கு அவ்வளவு பயம் வராது. 'தார்த்துஸ்' என்றால் தார்த்துவில், 'தார்த்துஸ்த்' என்றால் தார்த்துவிலிருந்து. சொல்லின் வாலில் உருபை ஒட்டுவது நமக்குத் தெரிந்த வேலைதானே. ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவமும் கிடையாது.

தாலினில் ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம். நார்வாவில் ரஷ்ய மொழிதான் காது நிறைய விழும். மதத்தைப் பற்றியும் சிலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021இல் 58 சதவீதம் பேர் எந்த மதத்தையும் சேர்ந்தவர் அல்ல என்று சொன்னார்கள்.

8. குழந்தை பெத்தா அரசாங்கமே சம்பளம் கொடுக்குதாமே? அப்புறம் ஏன் பிறப்பு குறையுது?

கொடுப்பது உண்மை. 2004இல் கொண்டுவந்த திட்டம். குழந்தை பிறந்த பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, முன்பு வாங்கிய சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். அதற்கு உச்சவரம்பு உண்டு, சராசரிச் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு. 2010இல் ஒரே ஒரு வருடம் பிறப்பு இறப்பை மயிரிழையில் முந்தியது. 1991க்குப் பிறகு அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

1988இல் 25,000 குழந்தைகள் பிறந்தன. 2024இல் 10,000கூட இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது. 1990களில் பிறப்பு விழுந்தது என்றேன் அல்லவா, அப்போது குறைவாகப் பிறந்த பெண்கள்தான் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அம்மாக்களே குறைவு. அதன் மேல் பக்கத்தில் போர், ஏறிய விலைவாசி, வீட்டுக் கடன் வட்டி. இந்தச் சூழலில் கொடுப்பனவை மட்டும் நம்பி யாரும் மூன்றாவது பிள்ளைக்குத் துணிவதில்லை.

9. அங்க என்ன பணம்? ரூபிளா?

2011 ஜனவரி 1 முதல் யூரோ. ஆனால் ரூபிளிலிருந்து யூரோவுக்கு வந்த வழியில்தான் இந்த நாட்டின் பொருளாதாரக் குணமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1992இல் விலைவாசி ஆண்டுக்கு ஆயிரம் சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ரூபிளை அச்சடிப்பது மாஸ்கோ, அவதிப்படுவது தாலின். பழைய சோவியத் குடியரசுகளில் முதல் ஆளாக, 1992 ஜூன் 20 அன்று எஸ்டோனியா சொந்தப் பணமான குரூனைக் கொண்டுவந்தது. ஒருவர் 1,500 ரூபிள் வரை பத்துக்கு ஒன்று என மாற்றலாம். அதாவது வாழ்நாள் சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் முதல் நாள் கையில் 150 குரூன். எட்டு குரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று விலையைச் சட்டத்திலேயே கட்டினார்கள். கையிருப்பு உள்ள அளவுக்குத்தான் நோட்டு அச்சடிக்கலாம். அந்தக் கையிருப்புக்கு ஆதாரமாக நின்றது போருக்கு முன் பிரிட்டன், சுவீடன் போன்ற இடங்களில் பத்திரமாக வைத்திருந்து திரும்பக் கிடைத்த சுமார் 11 டன் தங்கம்.

அந்தக் கட்டுப்பாடு பிறகு பழக்கமாகிவிட்டது. 2009இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. அப்போதும் பணத்தின் மதிப்பைக் குறைக்காமல் அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டி, வரியை ஏற்றி, பற்றாக்குறையை அடக்கி, அந்த நெருக்கடிக்குள்ளேயே யூரோவுக்குத் தகுதி பெற்றார்கள். அரசுக் கடன் இன்றும் நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தியில் (ஜிடிபி) கால்வாசிக்கும் கீழே, ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. பாராட்டத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் வேலை இழந்து பின்லாந்துக்குப் போனவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

10. முழுக்க முழுக்க ஐடி நாடாமே? எல்லாம் சாஃப்ட்வேர் வருமானம்தானா?

எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் கேள்வி இதுதான், நானே ஐடிக்காரன் என்றாலும். தகவல் தொழில்நுட்பத்தின் பங்கு ஜிடிபியில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. இந்த அளவு நாட்டுக்கு அது அதிகம்தான். ஆனால் மீதியைச் சம்பாதிப்பவர்கள் மரம் அறுப்பவர்கள், ஜன்னல் கதவு செய்பவர்கள், ஆலையிலேயே செய்து முடித்த மர வீடுகளை நார்வேக்கும் சுவீடனுக்கும் லாரியில் ஏற்றுபவர்கள், தொலைத்தொடர்புக் கருவிகளைப் பூட்டுபவர்கள், துறைமுகத்தில் நிற்பவர்கள். பெரிய வங்கிகள் இரண்டும் சுவீடன்காரர்களுடையவை.

மின்னணு அரசு என்பது வேறு விஷயம், அது உண்மையிலேயே நன்றாக நடக்கிறது. 2000இல் மின் கையெழுத்துச் சட்டம், 2001இல் அரசுத் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு, 2002இல் சிப் வைத்த அடையாள அட்டை, 2005இல் இணையத்தில் வாக்களிப்பு. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்குகள் இணையம் வழியாகவே விழுந்தன. இது ஆடம்பரத்துக்காகக் கட்டியது இல்லை. 13 லட்சம் பேர் சிதறிக் கிடக்கும் நாட்டில் ஊருக்கு ஊர் அலுவலகமும் குமாஸ்தாவும் வைக்க ஆளும் இல்லை, 1990களில் காசும் இல்லை. இல்லாமையிலிருந்து வந்த புத்தி.

11. ஸ்கைப் எஸ்டோனியா கம்பெனிதானே?

அரைவாசி. நிறுவியவர்கள் ஒரு சுவீடன்காரர், ஒரு டென்மார்க்காரர். மென்பொருளை எழுதியவர்கள் அஹ்தி ஹெய்ன்லா, ப்ரீத் கசெசாலு, யான் தாலின் முதலிய எஸ்டோனியர்கள். தலைமையகம் லக்சம்பர்க். 2003இல் தொடங்கி, 2005இல் ஈபே வாங்கி, 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கி, 2025 மே மாதம் மூடியது.

ஸ்கைப் போனாலும் அங்கே பழகியவர்கள் போகவில்லை. அதன் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிக்கஸ், கிறிஸ்தோ கேர்மனோடு சேர்ந்து 2011இல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வைஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், அதுவும் லண்டனில். மார்குஸ் வில்லிக் என்ற பையன் 2013இல் தொடங்கிய டாக்ஸிஃபைதான் இன்றைய போல்ட், போனில் டாக்ஸி கூப்பிடும் செயலி. இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் கணக்கில் எல்லாம் எஸ்டோனியாவுக்கு வராததற்குக் காரணம், சில நிறுவனங்கள் வேறு நாட்டில் பதிவானவை என்பதே.

12. கம்பெனிக்கு வரியே கிடையாதாமே?

கிடையாது என்பது தப்பு, தள்ளிப்போகும் என்பது சரி. 2000 முதல் விதி இதுதான்: லாபத்தை நிறுவனத்துக்குள்ளேயே வைத்து மறுமுதலீடு செய்தால் வரி இல்லை. பங்குதாரர்கள் கைக்கு எடுத்தால் வரி. 2025 கணக்கில், 78 யூரோ வெளியே எடுத்தால் அரசுக்கு 22 யூரோ. தனிநபர் வருமான வரியும் 22 சதவீதம், பணக்காரனுக்கும் சாதாரண ஆளுக்கும் ஒரே விகிதம். மார்ட் லார் பிரதமராக இருந்தபோது 1994இல் 26 சதவீதத்தில் ஆரம்பித்தது. பிறகு 20 வரை இறங்கி, 2025இல் மறுபடி ஏறியது. காரணம் 15ஆம் பதிலில்.

13. இ-ரெசிடென்சி கார்டு வாங்கிட்டா அங்க போய்த் தங்கலாம்ல?

முடியாது. விசா இல்லை, குடியிருப்பு உரிமை இல்லை, ஐரோப்பாவுக்குள் நுழையும் அனுமதியும் இல்லை. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது ஒரு மின் அடையாளம். அதை வைத்து எங்கிருந்தும் எஸ்டோனிய நிறுவனம் தொடங்கலாம், ஆவணங்களில் கையெழுத்திடலாம். ஆள் பெருகாத நாடு வாடிக்கையாளரையாவது பெருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

"அப்போ வரியும் மிச்சம்தானே?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். 12இல் சொன்ன சலுகை நிறுவனத்துக்கு. நீங்கள் வாங்கும் சம்பளமும் ஈவுத்தொகையும் நீங்கள் வசிக்கும் நாட்டின் வரிக் கணக்கில் வரும். சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்திருப்பவர் முதலில் தன் ஊர் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும், தாலினை அப்புறம் பார்க்கலாம்.

14. சம்பளம் எவ்வளவு வரும்? செலவு போக மிஞ்சுமா?

சராசரி மாதச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 886 யூரோ. சராசரி என்பது ஐடிக்காரர்களும் வங்கிக்காரர்களும் சேர்ந்து தூக்கிய எண். நடுவில் நிற்பவர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார். ஆண் பெண் சம்பள வேறுபாடு ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று.

செலவில் புதிதாக வருபவர்களைத் திடுக்கிட வைப்பது சாப்பாட்டுச் சாமான். விற்பனை வரி 2025 ஜூலை முதல் 24 சதவீதம், அரிசிக்கும் பாலுக்கும் அதே 24. பல ஐரோப்பிய நாடுகளில் உணவுக்கு இருக்கும் குறைந்த விகிதம் இங்கே கிடையாது.

15. நல்லா வளர்ந்துட்டிருந்த நாடு 2022க்கு அப்புறம் ஏன் படுத்துடுச்சு?

பல அடிகள் ஒரே நேரத்தில் விழுந்தன. 2022இல் பணவீக்கம் ஆண்டுச் சராசரி 19.4 சதவீதம், ஆகஸ்டில் 25ஐத் தொட்டது. யூரோ நாடுகளிலேயே அதுதான் அப்போது உச்சம். இங்கே பல வீடுகளில் மின் கட்டணம் சந்தை விலையோடு மணிக்கு மணி மாறும். 2022 ஆகஸ்ட் 17 அன்று ஒரு மணி நேரம் மட்டும் மொத்த விலை யூனிட்டுக்கு 4 யூரோ வரை போனது. அந்த வாரம் எல்லாரும் போனில் விலை பார்த்துவிட்டுத்தான் துணி துவைத்தார்கள்.

ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் வந்த மலிவு மரமும் உலோகமும் நின்றன. சுவீடன், பின்லாந்தில் வீடு கட்டுவது குறைந்ததால் 10இல் சொன்ன மர வீட்டு ஆலைகளுக்கு வேலை இல்லை. வட்டி ஏறியது. பொருளாதாரம் மூன்று ஆண்டு எழுந்திருக்கவில்லை. அதே சமயம் ராணுவச் செலவு ஏறியது, ஜிடிபியில் 3 சதவீதத்தைத் தாண்டி, 2026 முதல் 5க்கு மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கடன் வாங்கப் பிடிக்காத நாடு, ஆகவே வரி. 2025இல் முதன்முதலாகக் கார் வரியும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சராசரியோடு ஒப்பிட்டால், விலைவாசியைச் சரிசெய்த தனிநபர் ஜிடிபி இப்போது 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 1990களின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

16. நார்வா பக்கம் 'எரியிற கல்லு' தோண்டுறாங்களாமே?

உண்மைதான். எண்ணெய் ஊறிய பழுப்புநிறப் பாறை. தீ வைத்தால் எரியும். 1916 முதல், நார்வா இருக்கும் இடா-விரு மாவட்டத்தில் தோண்டுகிறார்கள். நார்வாவில் உள்ள மின் நிலையங்கள் அதை எரித்துத்தான் நாட்டுக்கே மின்சாரம் கொடுத்தன. சோவியத் காலத்தில் லெனின்கிராடுக்கும் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போனது. மின்சாரத்துக்கு ரஷ்யாவிடம் கையேந்தாமல் இருந்ததற்கு இந்தக் கல் ஒரு காரணம். ஆனால் புகை பயங்கரம். 2019இல் ஐரோப்பியக் கரிமக் கட்டணம் ஏறியதும் லாபம் போய்விட்டது, உற்பத்தி சரிந்தது.

நார்வாவில் பெரும்பாலும் எல்லாருமே ரஷ்ய மொழி பேசுபவர்கள். 1857இல் தொடங்கி ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை பார்த்த கிரீன்ஹோல்ம் நூற்பாலை 2010இல் திவாலானது. அடுத்து சுரங்கம் சுருங்குகிறது. 2025இல் அருமண் எனப்படும் அரிய உலோகங்களிலிருந்து காந்தம் செய்யும் ஆலை ஒன்றை அங்கே திறந்தார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு ஆலையால் ஒரு மாவட்டத்தைத் தூக்கி நிறுத்த முடியாது.

17. பின்லாந்துக்காரங்க சரக்கு வாங்கக் கப்பல்ல வர்றாங்களாமே?

வருவார்கள். ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே 80 கிலோமீட்டர், கப்பலில் இரண்டு மணி நேரம். பெட்டி பெட்டியாக பீரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவது பழைய காட்சி. இதை நம்பியோ என்னவோ 2017இல் எஸ்டோனிய அரசு மது வரியை ஏகத்துக்கும் ஏற்றியது. விளைவு, எஸ்டோனியர்களே தெற்கே லாட்வியாவுக்கு வண்டி கட்டினார்கள். எல்லையில் வல்கா என்ற ஊர் ஒன்று, பாதி இங்கே, பாதி அங்கே. அந்தப் பக்கத்தில் மதுக்கடைகள் முளைத்தன. 2019 ஜூலையில் பீருக்கும் சாராயத்துக்கும் வரியை 25 சதவீதம் குறைத்த பிறகுதான் ஓட்டம் தணிந்தது. சின்ன நாட்டுக்கு வரி விதிப்பதில் இதுதான் கஷ்டம், இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் வேறு நாடு.

18. கறுப்புப் பணம் கோடி கோடியா அங்க போய்த்தான் வெள்ளை ஆச்சுன்னு படிச்சேனே, நேர்மையான நாடுன்னும் சொல்றாங்களே?

டான்ஸ்கே வங்கி விவகாரத்தைச் சொல்கிறீர்கள். டென்மார்க் வங்கியின் தாலின் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை, வெளிநாட்டவர் கணக்குகளில் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது. நாட்டின் அப்போதைய ஓராண்டு ஜிடிபியைப் போல் சுமார் பத்து மடங்கு தொகை, ஒரு கிளை வழியாக. 2019இல் கிளையையே மூடச் சொன்னார்கள்.

லஞ்சம் குறைவு என்பதும் பொய் இல்லை. இங்கே அலுவலகத்தில் ஒரு காகிதத்துக்குக் காசு கேட்டதை நான் பார்த்ததே இல்லை. குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவே இருக்கும் கதவு சுத்தம். அந்தப் பணம் வேறு கதவு வழியாகப் போனது. அங்கே காவல் நிற்கவும் சின்ன மேற்பார்வை அலுவலகத்தில் ஆள் போதவில்லை என்று சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

19. ஆள் இல்லைன்னு புலம்புறாங்க, அப்புறம் ஏன் வெளிநாட்டுக்காரங்களை எடுக்க இவ்வளவு யோசிக்கிறாங்க?

கேட்க வேண்டிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டு வரம்பு உண்டு, நாட்டு மக்களில் 0.1 சதவீதம். அதாவது சுமார் 1,300 பேர். சில ஆண்டுகளில் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே தீர்ந்திருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் ஆள் கேட்டுக் கத்துகிறார்கள், அரசு அசைவதில்லை. 5ஆம் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். 88லிருந்து 61.5க்கு இறங்கிய நினைவு இருக்கும்வரை, ஆலைக்கு ஆள் கொண்டுவருவோம் என்ற பேச்சு இங்கே சாதாரணப் பேச்சாகக் காதில் விழாது. எஸ்டோனிய மொழியோ இந்நாட்டில் சுமார் ஒன்பது லட்சம் பேருக்கு மட்டுமே தாய்மொழி. வருகிறவர்கள் கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ரஷ்ய மொழிப் பள்ளிகளையும் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாற்றிவருகிறார்கள். அதற்கும் ஆசிரியர் போதவில்லை.

வரம்பில் ஓட்டைகளும் வைத்திருக்கிறார்கள். ஐடி வல்லுநர், ஸ்டார்ட்அப் ஊழியர், மாணவர், குடும்பத்தோடு சேர வருபவர் ஆகியோர் இந்த 1,300இல் சேர மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்த எல்லாரும் இந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள்தான், நான் உள்பட. குடியுரிமை வேண்டுமென்றால் எட்டு ஆண்டு வாசமும் மொழித் தேர்வும் வேண்டும், இந்தியக் குடியுரிமையையும் விட வேண்டும். எனக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி இருக்கிறது. வேற்றுமை உருபில் ஒன்பது வரை தேறியிருக்கிறேன்.